மூன்றாவது பாட்டில்

அரசாங்க வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வருஷம் ஒரு வியாதி இருக்கும். இந்த நாட்டையே தாங்கள்தான் தாங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே சரியாகிவிடும். எனக்கு மட்டும் எலுமிச்சை ஊறுகாய் தேவைப்பட்டது.

அப்போது நான் திருச்சியில், வெளிநாட்டுச் சரக்குகளின் வரியைக் கவனிக்கிற ஓர் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். (அலுவலகத்தின் பெயர் வேண்டாம். இன்னும் பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது.) வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம்தான் பாக்கி. கீழப்பழுவூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்கவைத்தவர்கள் என் அப்பா அம்மா. எங்கள் தெருவிலேயே முதல் அரசாங்க உத்தியோகம் என்னுடையது. உத்தரவு வந்த வாரமே என் மாமா பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். "வரி ஏய்ப்போரின் சிம்ம சொப்பனமே!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, எனக்குப் பக்கத்தில் ஒரு நிஜச் சிங்கத்தையும் நிற்கவைத்திருந்தார். இருவரில் சிங்கத்தின் படம்தான் தெளிவாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த கேஸ் வந்தது. சிமெண்ட் ஆலையில் கல்லை அரைக்கும்போது, அரைத்த மாவு மில்லுக்குள் அப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு திரவத்தைச் சேர்ப்பார்கள். அது வெளிநாட்டிலிருந்து அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்ததால், உள்ளூரில் தயாரிப்பவர்கள் முறையிட, அரசாங்கம் அதற்குக் கூடுதல் வரி போட்டது. வரி போட்ட கையோடு அந்தத் திரவம் வருவது நின்றுபோனது. அதே நாட்டிலிருந்து, அதே மாதிரி டிரம்மில், வேறொரு பெயரில் புதுத் திரவம் வர ஆரம்பித்தது. இதில் இன்னொரு பொருள் கொஞ்சம் கலந்திருக்கிறது, ஆகவே இது வேறு சரக்கு, பழைய வரி இதற்குக் கிடையாது என்பது விற்பவர்கள் கட்சி. ஒட்டு மீசை வைத்துக்கொண்டு வந்திருக்கும் அதே ஆள்தான் இது என்பது எங்கள் கட்சி.

"செல்வி, அரியலூர் பெரம்பலூர் எல்லாம் உங்க ஏரியாதானே? நீங்களே போய்ட்டு வந்துடுங்க" என்றார் என் மேலதிகாரி ஞானசேகரன் சார். மாதிரி எடுக்க மூன்று கண்ணாடி பாட்டில்கள் கொடுத்தார். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சரக்குக்காரருக்கு. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே டிரம்மிலிருந்து, அரக்கு முத்திரையோடு. ஜீப் ரிப்பேர் என்பதால் பஸ்ஸில் கிளம்பினேன். (நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அந்த ஜீப் ரிப்பேரில்தான் இருந்தது.)

முதலில் அரியலூர். புதுத் திரவத்தை வாங்குகிற ஆலையில், மில்லைக் கவனிக்கும் ராமலிங்கம் என்ற ஆபரேட்டரைக் கைகாட்டினார்கள். தலைமுடியிலிருந்து செருப்பு வரை சிமெண்ட் நிறத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, நீ பழுவூரு கோவிந்தன் மவதான? பஸ் ஸ்டாப்புல சிங்கத்தோட நிக்கிறியே?"

"மேடம்னு கூப்பிடுங்க" என்றேன். இதை எழுதும்போது காது சூடாகிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

"சரிங்க மேடம். என்ன தெரியணும்?"

"இந்தப் புது திரவம் எப்படி வேலை செய்கிறது?"

"டிரம்மு மேல ஸ்டிக்கர் மாறிச்சு. வேற ஒண்ணும் மாறல. அதே அளவுதான் ஊத்தறோம், அதே வேலைதான் செய்யுது. பழசுக்கும் புதுசுக்கும் குழாயக்கூட மாத்தலயே."

அந்த விசாரணைக்குத் தேவையான பதில் அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் கையில் கிடைத்துவிட்டது. அதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் கெமிஸ்ட்ரி, லேப்தான் சொல்லணும்" என்று நோட்டை மூடிவிட்டேன். படிப்பு மனுஷரை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு அன்றைய நான் நல்ல உதாரணம்.

அடுத்து பெரம்பலூர் பஸ். மாதிரி பாட்டில்கள் இருந்த பையைச் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, ஜன்னல் வழியே சுண்ணாம்புக்கல் லாரிகளை எல்லாம் குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவழியில் ஏறிய ஒருவர் ஒரு சின்ன வெங்காய மூட்டையை என் சீட்டுக்கு அடியில் ஒரே தள்ளாகத் தள்ளினார். கடக் என்றது.

"யாரும்மா மூட்ட வக்கிற எடத்துல பைய வச்சது?" என்று அவர்தான் என்னைத் திட்டினார். திறந்து பார்த்தால் மூன்றில் ஒரு பாட்டில் உடைந்திருந்தது.

அந்த இடத்தில் அறிவுள்ள பெண் சாருக்கு ஒரு போன் போட்டிருப்பாள். சிம்ம சொப்பனம் போடவில்லை. அரசாங்கச் சொத்தைச் சின்ன வெங்காயம் உடைத்துவிட்டது என்று நிரந்தரமாவதற்கு ஒரு மாதம் முன்னால் எப்படிச் சொல்வது?

பெரம்பலூர் எல்லையில் இருந்தது, அந்தப் புதுத் திரவத்தை இறக்குமதி செய்து விற்கிற கமாலுதீன் பாயின் குடோன். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் உழைத்து, அந்தக் காசையெல்லாம் போட்டு இந்த வியாபாரத்தை ஆரம்பித்திருந்தார். டிரம்களை ஏற்றி இறக்க நாலு ஆட்கள் இருந்தார்கள். விசாரணை முடியும்வரை சரக்கைத் தொடக்கூடாது என்று நாங்கள் சீல் வைத்திருந்ததால், அந்த நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. சாயா சொல்லட்டுமா?"

"விசாரணைக்கு உட்பட்டவரிடம் எதுவும் சாப்பிடக்கூடாது" என்றேன்.

"சரிம்மா" என்று அவர் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். "கம்பெனிக்காரன் புது சரக்குன்னு எழுதிக் குடுத்துத்தான் வித்தான். கடுதாசி எல்லாம் வச்சிருக்கேன். லுஹர் தொழுதுட்டு வந்துடறேன், அப்புறம் எடுங்க."

அவர் தொழப் போனார். எனக்கு யோசனை உதித்தது. சாப்பாட்டுப் பையில் அம்மா வைத்த ஊறுகாய் பாட்டில் இருந்தது. ஒரு காலத்தில் ஜாம் இருந்த, கெட்டியான கண்ணாடி பாட்டில். கழுவினால் எந்த பாட்டிலும் புது பாட்டில்தான் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் எந்த டப்பாவும் அதன் மேல் எழுதியிருப்பதை உள்ளே வைத்திருந்ததில்லை.

பாட்டிலைக் காலி செய்ய வேண்டுமே? அம்மா போட்ட ஊறுகாயைக் கொட்ட மனசு வரவில்லை. பாட்டிலில் பாதிவரை இருந்ததைத் தயிர்சாதத்தில் கவிழ்த்து, மொத்தத்தையும் தின்று தீர்த்தேன். பிறகு குடோன் குழாயில் பாட்டிலை மூன்று முறை அலசி, துப்பட்டாவால் துடைத்தேன். தொழுதுவிட்டு வந்த பாய் பார்த்தது, கண் சிவந்து, மூக்கு ஒழுக, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரியை.

"அழாதீங்கம்மா" என்றார் பதறிப்போய். "நீங்க உங்க வேலையத்தான செய்றீங்க? எங்கஷ்டம் அல்லா பாத்துப்பான்."

அழுகையில்லை, ஊறுகாய் என்று சொல்ல நாக்கும் இல்லை.

மாதிரி எடுத்தோம். ஊறுகாய் பாட்டிலை யாருக்கு ஒதுக்குவது என்பதில் என் மூளை பிரமாதமாக வேலை செய்தது. பாயிடம் கொடுத்தால் மானம் போகும். அலுவலகத்தில் வைத்தால் சார் கண்ணில் படும். ஆய்வகமோ சென்னையில், யாரோ முகம் தெரியாதவர் கையில். ஆகவே, உலகத்தில் எந்த பாட்டில் சுத்தமாக இருந்தே தீரவேண்டுமோ அதற்கே ஊறுகாய் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தேன். துணி சுற்றி, அரக்கு ஊற்றி, பாயின் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. திரவத்தில் எதிர்பார்த்த பொருள்களோடு சிட்ரிக் அமிலம், சாதாரண உப்பு, மஞ்சள் நிறமி, தாவர எண்ணெய் ஆகியவை மிகச் சிறிய அளவில் காணப்படுவதாகவும், அவற்றைச் சேர்த்ததன் நோக்கம் தெரியவில்லை என்றும் இருந்தது. மஞ்சள் என்று படித்த இடத்திலேயே அது யார் வீட்டு மஞ்சள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞானசேகரன் சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "செல்வி! மாட்டிக்கிட்டான்!"

நோக்கம் தெரியவில்லை என்று ஆய்வகம் சொன்னதுதான் அவருக்குக் கொண்டாட்டம். நோக்கங்களை அவரே கண்டுபிடித்து இருபது பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். மஞ்சள், சரக்கின் இயற்கை நிறத்தை மறைக்க. உப்பு, எடையைக் கூட்ட. அமிலம், சோதனையைக் குழப்ப. எண்ணெய்க்கு மட்டும் மூன்று பக்கம். இந்த மோசடிக்குப் "பெரம்பலூர் முறை" என்று பெயரும் சூட்டி, மஞ்சள் சாயல் தெரியும் திரவம் எங்கே வந்தாலும் நிறுத்தி வைக்கும்படி துறைமுகங்களுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் அம்மா உரலில் இடித்த மஞ்சளுக்குப் பயந்து எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கப்பல் காத்துக் கிடந்ததோ தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்வேன், நாளை சொல்வேன் என்று தினமும் அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். வார இறுதியில் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ். சிங்கம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பயந்தாங்கொள்ளியாக இருந்தேன் என்பதுதான் உண்மை, அதற்கு வேறு பெயர் கிடையாது.

முடிவெடுக்கச் சென்னையிலிருந்து பெரிய மேடம் ஒருவர் வந்தார். சரக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், விசாரணை பாயின் குடோனிலேயே நடந்தது. மேஜைமேல் ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த பாட்டில். பக்கத்தில் சார் தயாரித்த ஒப்புதல் கடிதம். தெரிந்தே கலப்படம் செய்து வரி ஏய்த்தேன் என்று அதில் இருந்தது.

பாய் இளைத்துப் போயிருந்தார். வாசலில் நாலு ஆட்களில் இரண்டு பேரைக் காணோம், வேறு வேலை தேடிப் போய்விட்டார்களாம். கடிதத்தை அவர் படிக்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா சரக்க விட்டுடுவீங்களா சார்? நான் எதையும் கலக்கல. ஆனா இதுக்கு மேல தாங்காது. போட்டுத் தொலைச்சிடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

தன் கஷ்டத்தை அல்லாவிடம் விட்டுவிட்டு என் அழுகைக்கு ஆறுதல் சொன்ன மனுஷர். அந்தப் பேனா காகிதத்தில் படுவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"மேடம், அதெல்லாம் எங்க அம்மா போட்டது!"

மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவுக்கும் இந்த கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல மேடம். எலுமிச்சங்கா ஊறுகா மேடம். பாட்டில் ஒடஞ்சு போச்சு மேடம்." வெங்காய மூட்டையிலிருந்து துப்பட்டா வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

மேடம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒரு கறுப்புப் பொட்டு மெல்ல மேலே வந்தது. "இது என்ன?"

"அறிக்கையில கோள வடிவத் துகள்னு போட்டிருக்காங்க மேடம்" என்றார் ஞானசேகரன் சார், பழக்க தோஷத்தில். "அநேகமா கேட்டலிஸ்ட்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஞானசேகரன், உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க?"

"வீட்டம்மா மேடம்."

"அதான். இது கடுகு."

வாசலில் மிச்சமிருந்த இரண்டு ஆட்களும் சிரித்துவிட்டார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி, சட்டைப் பையில் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அலுவலகத்தில் இருந்த சுத்தமான பாட்டில் சோதனைக்குப் போனது. பழைய திரவத்தில் வேறொரு பொருள் கொஞ்சூண்டு சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். சேர்த்ததால் வேலையில் வித்தியாசம் உண்டா என்று மேடம் கேட்டபோது, நான் எழுதாமல் விட்ட ராமலிங்கத்தின் பதில் நினைவுக்கு வந்தது. மறுபடி அரியலூர் போய், "அண்ணே, அன்னிக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்று நின்றேன். "சொல்றேன் மேடம்" என்றார், அந்த மேடத்தைக் கொஞ்சம் இழுத்து. ஸ்டிக்கர் மாறியதும் குழாய் மாறாததும்தான் கடைசியில் கேஸை முடித்தன. ஒட்டு மீசை கழன்றது, வரி உண்டு என்றானது. பாய் வரியைக் கட்டினார். ஆனால் கம்பெனியின் கடிதங்களைப் பார்த்து, அவர் ஏமாற்றியவர் அல்ல, ஏமாந்தவர் என்று மேடம் எழுதினார். இருபது பக்கக் குறிப்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, சாரும் சொல்லவில்லை.

எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிவைப்பு. கூடவே ஒரு சுற்றறிக்கை: மாதிரி எடுக்கையில் அலுவலர்கள் தங்கள் உணவுப் பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது. அது இன்றும் அமலில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷாவருஷம் அதைப் படித்துக் காட்டும் பொறுப்பும் என்னுடையதே. எதற்கு மேடம் இப்படி ஒரு விதி என்று யாராவது கேட்பார்கள். காரணம் கோப்பில் இருக்கிறது என்பேன்.

பயந்துகொண்டே வீட்டில் சொன்னேன். அம்மா திட்டவில்லை. அறிக்கையை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உப்பு, புளிப்பு, எண்ண எல்லாம் இருக்குன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சா?" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பாய்க்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். பாய் பதிலுக்குப் பேரீச்சம்பழம் அனுப்பினார். அந்தப் போக்குவரத்து இன்றுவரை நிற்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஊறுகாய் போட்டு முடித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு, வரிசையாக வைத்திருக்கும் மூன்று பாட்டில்களைக் காட்டுவார். மூன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும்.

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு பாய்க்கு, ஒண்ணு லேபுக்கு. இந்தத் தடவயாச்சும் பெருங்காயத்தக் கண்டுபுடிக்கச் சொல்லுடி. அத்தன போட்டிருந்தேன், அது மட்டும் அவனுங்க கண்ணுல படல."