ஓடாத காருக்கு இரட்டைச் சம்பளம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி நம்பிக்கு,

அம்மா வஞ்சுளவல்லியின் ஆசீர்வாதம். ஆண்டாள் கடாட்சத்தில் நான் சௌக்கியம். நீயும், மருமகள் மாதுரியும், வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டிப் பேசும் பேரன் த்ருவும் சௌக்கியம் என்று எண்ணுகிறேன். போனில் சொல்லலாமென்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

விஷயம் சம்பளம். அப்பா காலமானதிலிருந்து அவருடைய கார் ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதைத் துடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் டிரைவர் சமுத்திரத்துக்கு நீ அனுப்புவது, விடிந்ததும் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, என் கண்ணுக்கு மருந்து விட்டு, கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துப்போகும் முனீஸ்வரிக்கு அனுப்புவதைப்போல் இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். "ஆம்பளைக்கு அதாம்மா ரேட்" என்றாய். புளிக்கும் மிளகாய்க்கும் ரேட் சொல்லலாம். நான் படித்த கான்வென்டில் மதர் முன்னால் இப்படிப் பேசியிருந்தால் உன்னை வெயிலில் நிறுத்தியிருப்பார்.

ஆகவே ஒருநாள் இருவரையும் வேலை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வினை அதிலிருந்துதான். கோலம் போடப் போன சமுத்திரம் நடுவாசலில் பெரிய எட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். "லைசென்ஸ் வாங்க இது ஒண்ணுதாம்மா போட்டுப் பழகினேன்" என்கிறான். மார்கழி மாதம், மாடவீதி. கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் அந்த எட்டைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பூஜைப் பாத்திரங்களைக் கார் ஷாம்பு போட்டுக் கழுவினான், பெருமாளுக்குத் தீர்த்தம் நுரைத்தது. இதற்குள் முனீஸ்வரி காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே குடித்தனம் நடத்திய எலியைக் குட்டிகளோடு விரட்டிவிட்டு, "வேற சோலி இருக்காம்மா?" என்று வந்து நின்றாள்.

"ஏட்டி, என் வண்டியை எதுக்குத் தொறந்தே?" என்று அவன் கத்தினான்.

"அண்ணே, நீங்க ஐயா காருக்கு டிரைவரா, எலிக்கு டிரைவரா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். "சரிம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்" என்றாய். பிள்ளையைச் சரியாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். சாயங்காலமே சமுத்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் சம்பளத்தை அவளுடைய அளவுக்குக் குறைத்திருக்கிறாய்! என்னடா கணக்கு இது? முனீஸ்வரிக்கு அவனைவிடக் கோபம். "அண்ணனுக்குக் கொறைச்சா எனக்கு எப்படிம்மா கூடும்?" என்கிறாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அவளைக் கூப்பிடுகிறார்களாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளமாம். அவள் ஊரான வ. புதுப்பட்டியில் தெருமுனைக்கே வேன் வருமாம். "தப்பா நெனைக்காதீயம்மா, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்" என்கிறாள்.

ஆகவே சமுத்திரத்துக்குப் பழையபடி கொடு, அவளுக்கும் அதையே கொடு. தனிமைக்குப் பயந்து கேட்கிறேன் என்று மாதுரி நினைக்க வேண்டாம். நியாயத்துக்குத்தான் கேட்கிறேன். மத்தியானம் நான் ஆங்கிலப் பேப்பரை உரக்க வாசிப்பேன். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நான் நிறுத்தும்போதெல்லாம் "பொறவு?" என்பாள். அப்பாவுக்குப் பின் என்னிடம் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதற்கு என்ன ரேட் என்று நீயே சொல்.

மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
அம்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது முனீஸ்வரி வந்தாள். "இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, பழைய சம்பளத்துக்கே இருந்துருதேன். நீங்க ஒத்தையில கெடப்பிய" என்றாள். அந்தச் சம்பளத்துக்கு இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பதில் வரும்வரை அவள் மகளின் காலேஜ் பீஸும் காத்திருக்காது. "யார் ஒத்தையில் கிடக்கிறது? எனக்குத் தலைக்குமேல் வேலை" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை மில்லில் சேருகிறாள். மேலே அவளுக்காகக் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். சமுத்திரத்துக்குக் குறைத்ததை மட்டும் கொடுத்துவிடு. இனி நீ போன் செய்தால் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், கையைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். வைத்துவிடாதே.