வயலினுக்கு வைத்த பொட்டு

மதிப்பிற்குரிய யுகேந்திரன் அங்கிளுக்கு,

கிள்ளானிலிருந்து மலர்விழி பணிவுடன் எழுதுவது. ரவாங்கில் தாங்களும் தங்கள் பட்டறையும் நலந்தானே? நாங்கள் நலமாக இல்லை. அப்பா தங்களிடம் போனில் பேசப் பயப்படுவதால் நான் எழுதுகிறேன். நாளை கொமுட்டர் ரயிலில் வந்து இந்தக் கடிதத்தையும் வயலினையும் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாராம்.

தாங்கள் எட்டு மாதமாக எனக்காகச் செய்த வயலின் இந்த வாரம் தயாராகிவிடும் என்றீர்கள் அல்லவா, நேற்று மதியம் அப்பா வந்தபோது பட்டறை திறந்திருந்ததாம், தாங்கள் சாப்பிடப் போயிருந்தீர்களாம், "ஜன்னலோரம் ஒன்னு தொங்குச்சு, எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். வார்னிஷ் காய்ந்ததா என்று கேட்டேன். "பளபளன்னு இருக்கு லா!" வாசித்துப் பார்த்தேன். புது வயலின் முதலில் இறுக்கமாகத்தான் ஒலிக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இதுவோ இருபது வருடம் பழகியதுபோல் பாடியது. தங்கள் கைத்திறனை நினைத்துக் கண்கலங்கினேன்.

நான் கண்ணைத் துடைப்பதற்குள் அம்மா, புதுக் காருக்குச் செய்வதுபோலவே, அதைச் சாமி படத்தின் முன் வைத்து, நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். காலையில் துடைத்தால் பொட்டு வரவில்லை, வார்னிஷுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆன்டி, "எலுமிச்சம்பழம் தேய்ச்சா குத்துவிளக்கே பளிச்சுன்னு ஆயிரும்மா" என்று தேய்த்தார். வெள்ளையாக ஒரு தேமல் வந்தது. அப்பா அதன்மேல் தைலம் தடவினார். இப்போது வயலின் தலைவலிக்காரர்போல மணக்கிறது. "ஒத்தப் பொட்டுதான் அசிங்கமா இருக்கு, இன்னொன்னு வச்சா டிசைன் மாதிரி ஆயிரும்" என்று அம்மா குங்குமச் சிமிழோடு வர, நான் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் பள்ளிச் சீருடையின் நூலும் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் போட்டி. என் ஆசிரியை சீதாலெட்சுமி டீச்சர் எல்லார் வாத்தியத்தையும் பார்த்த பிறகுதான் மேடையில் ஏற்றுவார். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே, "இது வயலினா, மாவு தடவுன மீனா?" என்று கேட்பவர். இதைப் பார்த்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எட்டு மாசம் காத்திருந்தேன் அங்கிள்! எப்படியாவது சனிக்கிழமைக்குள் சரிசெஞ்சு குடுங்க. டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

தங்கள் உளி மழுங்காமலும் பசை உலராமலும் இருக்க வேண்டும்,
மலர்விழி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அப்பாவுக்குத் தங்கள் வாட்ஸ்அப் வந்தது. என் வயலின் இன்னும் பின்னறையில் காய்கிறதாமே! "மறுபடி வார்னிஷ் அடிக்கச் சொல்லி சீதாலெட்சுமி டீச்சர் குடுத்த வயலின் ஜன்னலோரம் தொங்குச்சு, காணோம். நீங்க பாத்தீங்களாண்ணே?" அப்பா இன்னும் பதில் போடவில்லை. ஆனால் திறந்து படித்துவிட்டார். நீல டிக் விழுந்துவிட்டது.