திருக்கோகர்ணத்துத் தாமிரம்

இன்றைக்கும் சொல்கிறேன், நான் எடுத்தது அசல் தாமிரம். அதை மட்டும் என் குடும்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு ஹைஸ்கூலில் புது கெமிஸ்ட்ரி வாத்தியார். (தாதுவிலிருந்து உலோகம் பிரிப்பதைப் பக்கம் பக்கமாக நடத்துவேன். தாதுவைக் கண்ணால் பார்த்ததில்லை.) திருக்கோகர்ணத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். கமலத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பேசாமல் கேசரியைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். கை கழுவக் கொல்லைக்குப் போனேன். கிணற்றடிக் கல் பச்சைப் பசேலென்று இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், பாசி இல்லை.

"இது தாமிரத் தாதுங்க. கொல்லைக்குக் கீழ சுரங்கமே இருக்கும்" என்றேன் பெண்ணின் அப்பாவிடம்.

"நெசமாவா தம்பி?"

"எடுத்தே காட்டுறேங்க."

கல்லில் ஒரு மூலையைப் பெயர்த்து வந்தேன். பொடித்து, வறுத்து, கரித்தூள் கலந்து, எங்கள் தெரு ஆசாரி தங்கம் உருக்கும் மண் மூசையில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டேதான் துருத்தி ஊதினார். ஆறிய பிறகு உடைத்தால், அடியில் அரைக் கடுகளவு செக்கச்செவேலென்று தாமிரம். ஆசாரி துருத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

மறுநாளே அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். பெண்ணின் அப்பா இரண்டு ஆளைக் கூப்பிட்டுக் கிணற்றடியைத் தோண்டச் சொல்லிவிட்டார். (நான் தோண்டச் சொன்னேனா?) ஆள் மட்டத்துக்குத் தோண்டியும் வீடு கட்டுகிற வெறும் செம்புரான் கல்தான் வந்தது. அப்போதுதான் கமலம் வெளியே வந்தாள்.

"அப்பா, நான் பொறந்ததுலேருந்து அந்தக் கல்லு மேல வச்சுத்தான் செம்புக் கொடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். அந்தப் பச்சைக் களிம்பைத்தான் இவுக காய்ச்சி எடுத்திருக்காக."

களிம்பிலும் தாமிரம் இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அவள் அப்பா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்த்தா. நாளைக்குச் சீர்ப் பாத்திரத்தையும் உருக்கிருவாரு."

நான் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அதுக்கு நான் வழி பண்ணிக்கிறேம்ப்பா" என்றாள் கமலம். சிரித்தாளா என்று தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணம் நடந்தது. சீர் வந்தது. குடம், குத்துவிளக்கு, கரண்டி வரை எல்லாவற்றிலும் கமலத்தின் பெயர் வெட்டியிருந்தது. பெயருக்குக் கீழே, புள்ளிப் புள்ளியாக, "உருக்கக் கூடாது."

அந்த அரைக் கடுகு இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒருவராவது எடுத்துப் பார்த்தது உண்டா? போன மாதம் பேரனுக்கு வெள்ளி டம்ளர் வாங்கி, பெயரோடு "உருக்கக் கூடாது" என்பதையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறாள் என் மகள். ஏம்மா இப்படி என்று கடைக்காரர் கேட்டாராம்.

"எங்கப்பா கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க" என்றாளாம்.