மைக்செட் அண்ணனும் மான் மெல்லும் சத்தமும்

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் கரண்ட் போனால் எல்லாத் தறியும் நின்றுவிடும். நிற்காமல் ஓடுகிற ஒரே இயந்திரம் மைக்செட் அண்ணனின் தொண்டைதான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

அவர் வேலை பார்த்த பவர்லூம் கூடத்துக்கு எதிரில்தான் என் செல்போன் ரிப்பேர் கடை. மீசை முளைத்த நாளிலிருந்து தறிச் சத்தத்திலேயே நின்றவர். இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுவார். ஒரு சாவு வீட்டில் ரகசியமாக என் காதைக் கடித்தார்: "ஏம்பா, பெருசு போட்டுகினு இருந்த மோதிரத்த யாரு கழட்டினது?" மூன்று மருமகள்களும் மூன்று திசையிலிருந்து எழுந்துவிட்டார்கள். பெரியவரைத் தூக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இப்பேர்ப்பட்ட மனிதர் மானைத் துரத்தப் போனார் என்றால் நம்புவீர்களா? துரத்த என்பது தப்பு. மானுக்குத் தெரியாமல் மான் பக்கத்தில் போய் உட்கார.

சனிக்கிழமை தறிக்கு லீவு. அன்றைக்கு அண்ணன் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டார். தலைக்கு எண்ணெய் கிடையாது. பீடி, பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. செருப்பைக்கூடத் தொடமாட்டார். தெருவே அவர் பெருமாளுக்கு விரதம் இருப்பதாக நம்பியது. ஒரு புரட்டாசியில் பக்கத்து வீட்டுப் புதுப்பெண் காலில் விழுந்து கும்பிட்டாள். அண்ணனும் கூச்சப்படாமல், கோயில் மணிக்குப் போட்டியாக, "நல்லாருமா" என்று வாழ்த்தி அனுப்பினார்.

என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "மானுக்குப் பூண்டு நாத்தம் ஆவாதுபா. அரை மைல்லயே கண்டுகினு ஓடிடும்."

"பாத்து இன்னாண்ணா பண்ணப்போற? போட்டோவா?"

"போட்டோ யாருக்கு வோணும்? மான் எலை துன்றப்போ சத்தம் வருமாமே, மெல்ற சத்தம். என் தம்பி கேட்டுருக்கான். எனக்கு வாயி ஆடறது தெரியுது, சத்தம் வரல. இந்தக் காதும் போறதுக்குள்ள ஒருவாட்டி கேட்டுடணும்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் கிளம்பினேன். பூண்டு ரசம் சாப்பிட்டிருக்கிறேனா என்று வாயை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மொபெட்டில் ஏற்றினார். போலீஸ்கூட என்னை அப்படிச் சோதித்ததில்லை. நாராயணவனம் தாண்டி மலையடிவாரம். காடு முடியும் இடத்தில் வேர்க்கடலை போட்ட கொல்லைகள் தொடங்கும். பொழுது இறங்கும் நேரத்தில் புள்ளிமான்கள் காட்டைவிட்டு வெளியே வந்து கடலை இலையைக் கடிக்கும்.

மொபெட்டை நிறுத்தியதும் அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். இடுப்பு மடிப்பிலிருந்து தறிப் பஞ்சு ஒரு இணுக்கு எடுத்துக் காற்றில் விட்டார். அது எங்கள் பக்கமாகப் பறந்தது. மான் வாசனை எங்களுக்கு வரலாம், எங்கள் வாசனை மானுக்குப் போகாது என்று அர்த்தம். அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் தறிக்கூடத்துச் சைகை. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் நெசவாளிகள் கையாலேயே குடும்பம் நடத்துவார்கள். எதிர்க்கடைக்காரனான எனக்கும் அது பாடம். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் இழை அறுந்தது, தறியை நிறுத்து. நான் நின்றேன். உள்ளங்கையை முன்னால் தள்ளினால் ஓட்டு. நான் தவழ்ந்தேன். முட்டியில் நெருஞ்சி குத்தியது. அதற்குச் சைகை இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரப்போரப் புதருக்குப் பின்னால் படுத்தோம். மான்கள் வந்தன. கொம்பு கிளைத்த ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு எங்களை நோக்கி மேய்ந்துகொண்டே வந்தது. எனக்குக் கேட்டுவிட்டது. நறுக், நறுக். அண்ணன் புருவத்தைத் தூக்கிக் கேட்டார். கேட்கிறது என்று தலையாட்டினேன். அவர் வலது காதை மான் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் நாலு முழம் வந்தால் போதும். திருப்பதியில் சன்னதி வாசல் குலசேகரப்படி வரைக்கும் போனவன், 'ஜருகண்டி' சொல்லித் தள்ளிவிடுவார்களோ என்று நிற்பானே, அப்படி இருந்தது எனக்கு.

அண்ணன் கண்ணைத் திறந்தார். முகம் மாறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மங்கின வெளிச்சத்தில் அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கொல்லையைச் சுற்றி, முட்டி உயரத்தில், புதுக் கம்பி. காட்டுப்பன்றிக்காகக் கட்டியது. அந்தக் கொல்லைக்காரர் மோட்டார் ரூமுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். மான் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கியது.

மைக்செட் அண்ணன் எழுந்து நின்றார்.

"போ... போய்டு... தே!"

மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. மான் எகிறிக் காட்டுக்குள் விழுந்தது, கூட்டமும் பின்னால் போயிற்று. எங்கோ மயில்கள் அலறின. மோட்டார் ரூமிலிருந்து கொல்லைக்காரரும் ஓடத் தொடங்கி, துரத்தியது தன்னை இல்லை என்று புரிந்து திரும்பி வந்தார்.

"ஏமண்ணா, ஏமாயிந்தி?" என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார்.

"கம்பில கரண்ட் வுடறியா நைனா? மானு செத்துடாதா? நாளைக்கு உன் பையன் கால வெச்சா?"

"பன்னிக்குத்தாண்ணா கட்டினேன். கடலை பூராத் தோண்டிப் போட்டுடுது."

"பன்னி மட்டும் தொடணும்னு போர்டு வெச்சுகிறியா? கயட்டு. இல்லன்னா தெனம் சாயங்காலம் இங்கியே வந்து நின்னு பேசிக்கினு இருப்பேன்."

அவர் அண்ணனின் தொண்டையை ஒருமுறை பார்த்தார். கம்பியைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார்.

திரும்பும்போது அண்ணன் புத்தூர் தாண்டித்தான் கேட்டார்.

"இன்னும் நாலு முழம் வந்திருந்தா கேட்டிருக்கும், இல்ல?"

"கேட்டிருக்கும்ணா."

"உனக்கு எப்டி கேட்டுச்சு?"

சொல்லிப் பார்த்தேன். அப்பளம் என்றேன், ஈர மணலில் நடக்கிற மாதிரி என்றேன். எதுவும் சரியாக வரவில்லை. அவர் கத்திய கத்தலுக்கு அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மான்கள் அந்தப் பக்கமே வரவில்லை. "வரவேணாம்பா, உசுரோட இருக்கட்டும்," என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நேராக அந்தக் கொல்லைக்காரரிடமே போய் இரண்டு கடலைச் செடி கேட்டேன். அண்ணன் அனுப்பினார் என்று நினைத்து, பயந்து ஒரு கட்டே கொடுத்தார். மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. ஊரே அடங்கியது. தறிக்கூடத்துக்குள் போய், அண்ணனை உட்காரவைத்து, அவர் வலது காதில் என் தாடையை ஒட்டிக்கொண்டு பச்சை இலையை வாய் நிறைய வைத்து மென்றேன். கசந்தது.

"மெதுவா மெல்லுடா. மான் இன்னா உன்ன மாதிரி பரதேசியா?"

மெதுவாக மென்றேன். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு விரலை ஒட்டிப் பிரிப்பார் என்று பார்த்தேன், பிரிக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தேன்.

"கேக்குதுடா," என்றார். பக்கத்துத் தறிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்செட் அண்ணன் வாழ்க்கையில் பேசியதில், எனக்கு மட்டுமே கேட்ட வார்த்தை அது.