முனியாண்டி என்று நான் கும்பிட்ட படம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ரப்பர் மரம் சீவிக்கொண்டே ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் சாமி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள். (ஏமாற்றியது ஒரு படம்.)

ரப்பர் தோட்டத்தை மூடியபின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். தோட்டத்து முனியாண்டியைக் கூட்டிவர முடியவில்லையே என்ற குறை எனக்கு. பார்த்தால், முந்தி இருந்தவர்கள் ஹாலில் ஒரு பெரிய படத்தை விட்டுப் போயிருந்தார்கள். முறுக்கு மீசை, கையில் வாள், பக்கத்தில் ஒரு பெண், கீழே இறக்கை வெட்டுப்பட்ட பறவை. சந்தேகமே இல்லை, முனியாண்டி கோழிப்பலி வாங்குகிறார். அந்த அம்மா ரத்தம் பார்க்கப் பயந்து முகத்தை மூடிக்கொண்டாள். (கோழி கொஞ்சம் பெரிசுதான். சாமிக்கு வருவது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை தவறாமல் சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்து ஒரே வேண்டுதல். லாரி ஓட்டும் என் கடைக்குட்டிக்கு முப்பத்தைந்து ஆகியும் பெண் அமையவில்லை.

ஒருவழியாகப் புந்தோங்கிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அம்மா தமிழ்ப்பள்ளி டீச்சர். நான் சும்மா இருந்திருக்கலாம். படத்தைக் காட்டி, “எல்லாம் இவரு செஞ்சது லா. எப்படியாச்சும் எம்மவனுக்கு ஒரு பொண்ண கொண்டாந்துருன்னு வருசக்கணக்கா சுருட்டு வெச்சு இவருகிட்டதான் கேட்டேன்” என்றேன்.

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அக்கா, இவரு யாருன்னு தெரியுமா?”

“முனியாண்டி.”

“இலங்கை ராஜா. அடுத்தவன் பொண்டாட்டிய தூக்கிட்டுப் போறான். தடுக்க வந்த கழுகோட இறக்கைய வெட்டுறான்.”

“அவனுக்குப் பத்துத் தலை இருக்கணும்லா டீச்சர்?” (நான் விடுவேனா?)

“வரைஞ்சவரு ஒண்ணு போதும்னு விட்டுட்டாரு.”

டீச்சர் கைப்பையை எடுத்துவிட்டார். என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “அழாத தாயி” என்று கிட்டே போனேன். அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கம்மா,” என்றாள் தன் அம்மாவிடம். “இத்தன வருசம் சுருட்டு வாங்கியிருக்காரு, வேல செஞ்சிதானே ஆகணும். எனக்கு இந்த வீடு புடிச்சிருக்கு.”

அவள் மருமகளாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றும் மகனோடு சண்டை வந்தால், “என்னைய தூக்கிட்டு வரச் சொன்னது ஒங்கம்மா, அங்க போயி கேளுங்க” என்கிறாள். படத்தைக் கழற்றவும் விடமாட்டாள். டீச்சர் மட்டும் வந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி, அந்த மருமகளின் மகள். எங்க, படி கண்ணு, கேப்போம். மெதுவா படி, ஒங்கம்மா காதுல விழப்போவுது, அடுப்படியிலதான் இருக்கா.