பிஸ்டனில் ஓட்டை, வான்கோழிக்குக் கத்தி

ஹட்டன் க்ரீக், கான்சஸ்
அக்டோபர் 20

என் அக்கா டார்லீனின் கணவரும், ஆறு வருஷமாக எங்கள் குடும்பத்து வான்கோழிக் கத்தியை விடாமல் பிடித்திருப்பவருமான ராய்ஸ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வெர்லின் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் லோர்னாவும் நாயும் நலம். கார் நலமில்லை.

சனிக்கிழமை நடந்ததை யார் எப்படித் திரித்துச் சொன்னாலும் நம்ப வேண்டாம். நன்றித் திருநாளில் வான்கோழியை வெட்டுவது, அந்த வருஷம் கால் மைலைக் குறைந்த நேரத்தில் ஓட்டி, பந்தயத் தடத்தில் தரும் சீட்டோடு வருபவர்தான் என்று அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இந்த வருஷம் உங்கள் சீட்டு 12.08 நொடி. ஆனால் போன வருஷம் என் தட்டில் வான்கோழிக் கழுத்தைப் போட்டு, "சாப்பிடு மச்சான், உன் வேகத்துக்கு இது போதும்" என்றீர்களே, அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அதனால்தான் சூப்பர்சார்ஜர் மாட்டினேன். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அமுக்கின காற்று கொதிக்கும். மெத்தனாலும் தண்ணீரும் கலந்து தெளித்தால் குளிரும். தெளிக்காவிட்டால் பிஸ்டன் உருகும். தனி டேங்குக்கு இடமில்லாததால், கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவிலேயே கலவையை ஊற்றினேன். பூச்சி அடிக்கிற ஊராச்சே என்று கண்ணாடிக்குப் போகும் குழாயையும் கழற்றவில்லை. கலவை தீர்ந்தால் எரிய ஒரு விளக்கு வேண்டும். டாஷ்போர்டில் புதுசா ஓட்டை போட்டால் லோர்னா என்னை வீட்டை விட்டே துரத்துவாள் என்று, சீட் பெல்ட் விளக்குக்கே அந்த ஒயரைக் கொடுத்தேன். அவளிடமும் சொன்னதாக ஞாபகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சர்ச்சில் கேக் விற்பனை, தன் வண்டி டயரில் காற்றில்லை என்று சொல்லி, லோர்னா என் காரை எடுத்துப் போனாள். மறுநாள் நான் தடத்தில் போய் நிற்கிறேன், சிவப்பு விளக்கு எரியுது. நான் என்ன செய்தேன் தெரியுமா அத்தான்? பெல்ட் சரியா மாட்டலைன்னு நினைச்சு, மூச்சு முட்டுற மாதிரி இழுத்து இறுக்கிக்கிட்டு மிதிச்சேன். பாதி தூரத்தில் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின சத்தம், அப்புறம் ஒரே புகை. பிஸ்டனில் கட்டைவிரல் நுழையுற ஓட்டை. நான் சிந்தின எண்ணெயை முக்கால் மணி நேரம் கூட்டினாங்க. எனக்கு அவமானமாத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால், வழியெல்லாம் பூச்சி, கண்ணாடியைக் கழுவிக்கிட்டே போனேன்னு அமைதியா சொல்றா. முழு டப்பா காலி, ஆனா பூச்சியெல்லாம் கண்ணாடியில அப்படியே அப்பிக் கிடக்கு! தெளிக்கிற மூக்கு அடைச்சிருக்கும்போல, அதையும் மாத்தணும்.

இருக்கட்டும். வரும் சனிக்கிழமைதான் இந்த வருஷத்துக் கடைசி ஓட்டம். இன்ஜினைக் கீழே இறக்கிவிட்டேன். புதுப் பிஸ்டன் நாளை வருகிறது. தனி டேங்க் டிக்கியில் வைக்கிறேன், விளக்கு சாசர் அளவில். பனி பெய்தாலும் முதுகு பிடித்தாலும் பன்னிரண்டுக்குக் கீழே ஓட்டாமல் வீடு திரும்ப மாட்டேன். கத்தியைக் கழுவித் துடைத்து வையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
விடாப்பிடியாக,
வெர்லின் ஸ்டக்கி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன் லோர்னாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த மூக்குல ஒரு அடைப்பும் இல்லீங்க, மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, கேக் டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். வெள்ளி சாயங்காலம், அதே தடம், என் கார், 11.94. மூன்று தடவை ஓட்டியிருக்கிறாள். "சிவப்பு விளக்கு எரிஞ்சதும் நிறுத்திட்டேன். அப்படித்தானே நீங்க சொல்லியிருந்தீங்க?" என்கிறாள். கத்தி அவளுக்கு. வான்கோழிக்குக் கழுத்து ஒன்றுதான் அத்தான், நம் இருவரில் யாருக்கு என்பதைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.