பெரியம்மாள் பெயருக்கு நேரே இருந்த குறிப்பு

அன்புள்ள மருமகள் செல்வப்பிரியாவுக்கு,

எருத்தேன்பதியிலிருந்து தாய்மாமன் பொங்கியண்ணன் எழுதுவது. நான், உன் அத்தை, மாடுகள் மூன்று ஆக ஐவரும் சுகம். கொச்சியில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் பால் சொசைட்டிக்கு நீ செய்து கொடுத்த ஆப் செவ்வாய்க்கிழமை முதல் ஒன்றுவிடாமல் காட்டுகிறது, சிக்கலே அதுதான். உறுப்பினர் பதிவில் பெயர், எண், ஊற்றிய பால் இவற்றோடு கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம் உண்டு. செக்ரட்டரியாகிய நான் மட்டும் பார்ப்பதற்கென்று பதினொரு வருடமாக மனதில் பட்டதை அதில் எழுதி வந்தேன். “மாமா, டேட்டாபேஸ்ல இருக்கறத அப்படியே ஜேசனாக்கிப் போனுக்கு அனுப்பீரட்டுங்களா, இல்ல வேண்டியத மட்டும் எடுக்கோணுங்களா?” என்று நீ கேட்டாய். ஜேசன் என்றால் ஆள் அல்ல, ஆப் படிக்கும் வடிவம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். “அப்படியே அனுப்பு கண்ணு, நம்மகிட்ட என்ன ஒளிவுமறைவு?” என்றவன் நானே. செவ்வாய் காலை பால் ஊற்ற வந்த பூபதிராஜா போனைத் திறந்தார். ‘ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கு வருவார், காரணம் தினம் ஒன்று.’ அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெரியம்மாள், “எம்பேருக்கு என்னன்னு படிங்க” என்று தன் போனை நீட்ட, அவர் உரக்கப் படித்தார்: ‘இவர் வீட்டு மாட்டைவிடக் கிணறு தாராளம்.’

“ஏனுங்க செக்ரட்டரி, எங்கூட்டுக் கெணத்த எப்ப வந்து எட்டிப் பாத்தீங்க?”

வரிசையே சிரித்தது. நான் பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் லாக்டோமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஞாயித்துக்கெழம பொதுக்கூட்டத்துல உங்கள எறக்கிட்டுத்தான் மறுவேலைங்க” என்றார் பெரியம்மாள்.

ஆகவே மாமனின் பதவி உன் கையில். பதிவேட்டைக் கிழித்தா நோட்டீஸ் பலகையில் ஒட்டுகிறோம்? வேண்டியதைத் தனித்தாளில் எழுதித்தானே ஒட்டுகிறோம்? அதேபோலப் பெயர், எண், பால் மூன்றை மட்டும் தனியாக எடுத்து ஜேசனாக்கு. போனில் சொல்லியிருப்பேன், உன் அத்தை காதில் விழும். அவளும் உறுப்பினர், அவள் பெயருக்கு நேரேயும் குறிப்பு உண்டு, இன்னும் திறந்து பார்க்கவில்லை.

கண்ணும் கீபோர்டும் தேயாமல் பல்லாண்டு இரு.

இப்படிக்கு,
மாமன் பொங்கியண்ணன்

பின்குறிப்பு: இந்த மெயிலை முடிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. எதையும் நீக்காதே. செவ்வாய் முதல் எல்லார் பாலுக்கும் லாக்டோமீட்டர் ரீடிங் ஏறியிருக்கிறது, பூபதிராஜா ஐந்தே முக்காலுக்கு வருகிறார். கூட்டத்தில் என்னை இறக்கவில்லை, இன்னும் நானே செக்ரட்டரி. “எங்களுது இருக்கட்டும், அவருக்கும் ஒரு கட்டம் போடுங்க, நாங்க எழுதறோம்” என்றார் பெரியம்மாள், கைதட்டி நிறைவேற்றிவிட்டார்கள். முதலில் எழுத உன் அத்தை பெயர் கொடுத்திருக்கிறாள். அந்தக் கட்டத்தை மட்டும் போனுக்கு அனுப்பாதே.